அத்தை காத்திருந்த அந்த இரண்டு நொடி

என் மகனுக்கு மூன்று மாதம் முடிந்திருந்த சமயம். காலையில் அவனைக் குளிப்பாட்டுவது அத்தையின் வேலை. குளியலறையில் மனைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து, முழங்காலுக்குக் கீழே அவனை மல்லாக்கப் போட்டுக்கொள்வார். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோளுக்கு நீவி விடுவார். அப்போதுதான் பேச்சு தொடங்கும்.

“என்னலே ராசா, ராத்திரி பூரா முழிச்சே கெடந்தியாமே? ஒங்கம்மைய தூங்கவிடலையாமே?”

கேட்டுவிட்டு நிறுத்துவார். கை அவன் நெஞ்சின்மேல் அப்படியே இருக்கும். குனிந்து அவன் முகத்தையே பார்ப்பார். அவன் புருவத்தைத் தூக்குவான், உதட்டைக் குவிப்பான், ஒரு காலை உதைப்பான். ஒரு நொடி, இரண்டு நொடி. கடைசியில் தொண்டையிலிருந்து ஒரு “ங்கா” வரும்.

“அப்டியா! பொறவு?”

மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் ஒரு “ங்கா”. இப்படியே குளியல் முடிய அரை மணி நேரம் ஆகிவிடும்.

நான் துண்டை விரித்துப் பிடித்தபடி வாசலில் நிற்பேன். “அத்தை, தண்ணி ஆறுது. அவனுக்கு என்ன புரியப் போகுது?” என்று ஒருநாள் கேட்டேன். “புரியுதோ புரியலையோ, பேசினவனுக்குப் பதில் சொல்லணும்லா” என்றார். பெரியவர்கள் பேசும் பேச்சு என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த இரண்டு நொடி நிறுத்தத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் இருக்கும். பெரியவர்களுக்கு அது 1,300, 1,400 கிராம். இரண்டாவது பிறந்தநாளுக்குள் பிள்ளையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உடம்பின் வேறெந்த உறுப்பும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை. தடுப்பூசிக்குப் போகும்போது தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து அட்டையில் எழுதுகிறார்களே, இந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான்.

நரம்பணுக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அதற்குப் பிறகு பெருகுவது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் ஹுட்டன்லோச்சர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், இறந்துபோனவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து அந்த இணைப்புகளை எண்ணிப் பார்த்தார். பச்சிளங் குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதிலும் எண்ணினார். அவர் 1979இல் வெளியிட்ட கணக்கின்படி, மூளையின் முன்பக்க மேலடுக்கில் ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் இணைப்புகளின் அடர்த்தி பெரியவர்களைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகம். பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் இதைப் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. வளர வளரக் குறைவதாவது? அப்புறம் அம்மா வீட்டுக் கொல்லையில் போடும் கீரைப் பாத்தி நினைவுக்கு வந்தது. விதையைத் தூவினால் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்கும். இடையிடையே பிடுங்கிக் கலைத்துவிட்டால்தான் மிச்சம் தண்டு பிடிக்கும். மூளையும் முதலில் தாராளமாகத் தூவிவிடுகிறது. எது தினமும் புழங்குகிறதோ அது தடிக்கிறது, புழங்காதது கழிகிறது. பார்வை, பேச்சு, பொறுமை, ஒருவரை நம்புவது எல்லாமே இப்படிப் புழங்கிப் புழங்கி நிலைப்பவைதான்.

இதற்கு நம் காதுக்குத் தெரிந்த ஒரு சான்று உண்டு. “கத்தி”, “கட்டி” என்று சொல்லிப் பாருங்கள். த வேறு, ட வேறு என்று நமக்குச் சந்தேகமே வராது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஆனால் அவரே ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வித்தியாசம் தெரிந்திருக்கும். கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் இதைச் சோதித்து 1984இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று இந்தியில் உள்ள இதே த, ட வேறுபாடு. ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும், திடீரென்று மாறும். மாறியதும் பிள்ளை தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் டக்கென்று திரும்பின. பத்து, பன்னிரண்டு மாதமானதும் அநேகமாகத் திரும்பவில்லை. வீட்டில் யாரும் பேசாத ஒலி அது, கழிந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒலி நிலைக்கிறதென்றால், யாரோ அவன் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

முகத்தைப் பார்த்து என்று சொல்கிறேன். ஒலி மட்டும் காதில் விழுந்தால் போதுமா என்று அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் குழுவினர் பார்த்தார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, கதைப் புத்தகம் படித்துப் பேசினார். நாலு வாரத்தில் மொத்தம் 12 அமர்வு. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் கேட்ட குழந்தைகள் ஒன்றுமே கற்கவில்லை. அந்தச் சீன மொழியையே கேட்காத குழந்தைகள் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் இருந்தார்கள். 2003இல் வெளியான ஆய்வு இது. நான் படித்தது 2023இல், என் மகன் பேசாமல் இருந்தபோது.

சரி, எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். அத்தை இருக்கிறார் என்ற தைரியம். பிள்ளைக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து தூத்துக்குடியில் மதினி வீட்டுக்குப் போனார். எங்கள் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது, அவரால் படியேற முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தோம். பக்கத்துக் கிராமம், 19 வயது, நல்ல பெண். முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவளிடம் நான் சொன்ன வார்த்தை எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: “அழாம பாத்துக்கோ.”

வேறொன்றும் சொல்லவில்லை. பேசு, கேள், அவன் காட்டுவதைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தாள். அழாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு அவள் கையில் இருந்தது ஒரு போன்.

சாப்பாட்டு வேளை எப்படி இருக்கும் என்றால், சொம்பில் சாய்த்துப் போன் நிற்கும். பாட்டு ஓடும். ரசம் சாதம் பிசைந்த கை வாயருகில் போனதும் அவன் வாய் தானாகத் திறக்கும். கண் கரண்டிக்கோ கைக்கோ வராது. என்ன ஊட்டினாலும் இறங்கும். பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி. மாலையில் வந்து நானும் அப்படியே ஊட்டினேன், குற்றம் அவள்மேல் இல்லை. எடை நன்றாக ஏறியது. யார் பார்த்தாலும் “சமத்துப் பிள்ளை, அழவே மாட்டேங்கான்” என்றார்கள். கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ருமேனியாவின் அநாதை இல்லங்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்தப் பெருமை என்னைச் சுட்டது. சௌசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது அந்த இல்லங்களில் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். வரிசையாகத் தொட்டில்கள், ஒரு பணியாளுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள். சோறு, துணி, கூரை எல்லாம் இருந்தது. உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கே இருந்த அமைதி. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை அழுவதை விட்டுவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் புகாரெஸ்டில் 2000ஆம் ஆண்டு முதல் 136 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இரண்டு வயதுக்கு முன்பே ஒரு வீடு கிடைத்த பிள்ளைகள், பின்னால் போனவர்களைவிடப் பல வகையில் நன்றாகத் தேறினார்கள். மூளை மின்னலைகளிலும் அது தெரிந்தது. என் பிள்ளை இருந்தது அன்பான வீடு, அந்த இல்லங்களோடு ஒப்பிடவே கூடாது. ஆனாலும் அழாமல் இருப்பதையே நலம் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, அதை அந்தப் பக்கங்கள் உடைத்தன.

ஒன்றரை வயதில் அவனிடம் இருந்தது “ம்மா”, “பா” என்ற இரண்டே சொல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவான். விரலை நீட்டி எதையும் காட்டமாட்டான். ஒரு மருத்துவரிடம் போனோம். “ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும். மூணு வயசு வரைக்கும் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். ஆண் பிள்ளைகள் சராசரியில் கொஞ்சம் பிந்துவது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. மூன்று வயதுவரை காத்திருக்கச் சொல்ல அது காரணமே ஆகாது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாங்கள் ஒரு மாதத்தைக் கடத்தினோம். அதற்குமேலும் கடத்தும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

அதனால் இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயது ஆகியும் “பாபா, தாதா” என்று மழலைச் சத்தம் வரவில்லை, விரல் நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் உடனே காட்டுங்கள். எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனால் அன்றைக்கே போங்கள். மத்திய அரசு 2013இல் தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். என் சித்தி மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, “காது டெஸ்ட் எடுத்தாச்சா?” இல்லை. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காது. தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. அடுத்த வாரம் ஒரு பாயில் என்னையும் அவனையும் உட்காரவைத்து, நடுவில் கொஞ்சம் சாமான்களைப் போட்டுவிட்டு, என்னிடம் பேச்சுக் கொடுத்தபடி அவர் தள்ளி உட்கார்ந்தார். பிரசவம் எப்படி, எப்போது தவழ்ந்தான் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கழித்துச் சொன்னார்:

“அம்மா, அவன் மூணு தடவை உங்க முழங்காலில் அந்தச் சிவப்புக் கட்டையைக் கொண்டுவந்து வச்சான். நீங்க கவனிச்சீங்களா?”

ஒரு தடவை நினைவிருந்தது. முழங்காலில் ஏதோ உறுத்தியது, எடுத்துக் கீழே வைத்தேன்.

“வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தைப் பார்த்தான். அது நல்ல விஷயம். அவன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்.”

அங்கேயே அழுதுவிட்டேன். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்தார். பேச்சு தாமதம்தான், வேறு குறைபாட்டுக்கான அறிகுறி இப்போதைக்குத் தெரியவில்லை, ஆறு மாதம் தொடர்ந்து பார்ப்போம் என்றார். வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார். “வாரத்துல ஒரு மணி நேரம் இங்க. மிச்சம் முழுக்க உங்க வீட்லதான்” என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் தாயின் வளர்ப்பால் வருவதில்லை. பாசமில்லாத தாயால்தான் வருகிறது என்று அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் நிபுணர்களே பேசி, எத்தனையோ தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அது தவறு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. செவிக் குறைபாடும் அப்படித்தான், யார் தப்பும் இல்லை. என் மகன் விஷயத்திலும் போன் பார்த்ததால்தான் பேச்சு தாமதித்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் போன் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் அறிவேன். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம். அந்த நேரத்தில் அவன் “ங்கா”வுக்கு யாரும் “அப்டியா, பொறவு?” என்று கேட்கவில்லை.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் கொடுத்த வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. ஒரே ஒரு விலக்கு: சொந்தக்காரர்களோடு பேசும் வீடியோ அழைப்பு. யோசித்துப் பார்த்தால் அந்த விலக்கிலேயே எல்லாம் இருக்கிறது. வீடியோ அழைப்பில் அந்தப் பக்கம் இருப்பவர் பதில் சொல்வார்.

நம் கையில் இருக்கும் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே சிரித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பிறகு இரண்டொரு நிமிஷம் தாய் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பு துவளும், கடைசியில் அழும். இதைப் படித்த அன்று ராத்திரி, பால் கொடுத்துக்கொண்டே அலுவலக மெசேஜ் பார்க்கும் என் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்தேன். அந்த அசையாத முகம்தான்.

அடுத்த சில மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைப் பயிற்சி என்று சொல்லலாமா தெரியவில்லை. முதலில் சாப்பாட்டுப் போனை நிறுத்தினோம். மூன்று நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டான். நாலாவது நாள் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு காக்கா இருந்தது. “காக்கா” என்றேன். நிறுத்தினேன். அத்தை செய்த மாதிரியே மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அந்த எண்ணிக்கை ரொம்ப நீளமாக இருக்கும், சோதித்துப் பாருங்கள். நம் வாய் அடுத்த சொல்லுக்குத் துடிக்கும். ஐந்து எண்ணும்வரை நான் வாயைத் திறக்காமல் இருந்தபோது அவன் காக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி காக்காவைப் பார்த்தான். சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஆறு வாய் சோறு இறங்கியது.

அந்தப் பெண்ணிடம் வேலையை மாற்றிச் சொன்னேன். “அழுதா அழட்டும். நீ அவன்கூடப் பேசு, அவன் எதைப் பாக்கானோ அதைச் சொல்லு” என்றேன். “நான் என்னக்கா பேச? எனக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்றாள். பிள்ளையோடு பேச இங்கிலீஷ் வேண்டும் என்று அவளை நினைக்க வைத்தது யார்? அவள் ஊரில் குளம் உண்டு, ஆடு உண்டு, ஐந்து தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். வெண்டைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, “இந்தா காம்பு, இந்தா வால்” என்று அவன் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். சம்பளத்தையும் கூட்டினோம். பிள்ளையின் மூளை வளர்கிற மூன்று வருஷத்தில் பகல் முழுக்க அவனோடு இருக்கும் ஆளுக்கு, வீடு பெருக்கும் கணக்கில் கூலி பேசியது என் தப்பு.

இந்த மாதிரிப் பேச்சும் விளையாட்டும் வாழ்நாளுக்கே உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஜமைக்கா இருக்கிறது. கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் 1980களின் நடுவில் தேர்ந்தெடுத்தார். வயது ஒன்பது மாதம் முதல் இரண்டு வரை. சிலருக்கு வாராவாரம் பால் மாவு. சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போவார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. அந்தப் பணியாளர்கள் மருத்துவர்கள் இல்லை, உள்ளூர்ப் பெண்கள். கையில் கொண்டுபோன பொம்மைகள், வீட்டில் தூக்கிப்போடும் டப்பா, மூடி, துணியில் செய்தவை. முக்கியமாக அவர்கள் செய்தது, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டியதுதான். இரண்டு வருஷம் போனார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதானபோது மறுபடி தேடிப் பார்த்தார்கள். விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால் மாவு மட்டும் வாங்கியவர்களிடம் அப்படியொரு நெடுநாள் பலன் தெரியவில்லை. 2014இல் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் ஒருவர்.

நம்மிடம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு வீடு தெரிந்த அக்காமார் இருக்கிறார்கள். எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் எடை பார்க்கும் தராசில் பிள்ளையைத் தொங்கவிட்டுக்கொண்டே, “யாரு ஊஞ்சல் ஆடுதா?” என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எடையைப் பதிவேட்டில் எழுதக் கட்டம் உண்டு, அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. அதற்கும் அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் ஜமைக்காவில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

சாப்பாட்டைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரும்புச்சத்து இல்லாமல் நரம்புகளுக்கு மேலுறை சரியாகப் படியாது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முடிந்ததும் பருப்பு, கீரை, முட்டை எல்லாம் இறங்க வேண்டும், இரும்புச்சத்து சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். தூக்கமும் அப்படியே. ஒன்று, இரண்டு வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். அத்தையின் எல்லா வழக்கத்தையும் நான் ஏற்கவும் இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை முதல் வாரமே தடுத்தேன், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு நாக்கில் வைக்கவும் விடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் சரியானார்.

அவன் இரண்டு வயதை நெருங்கும்போது நாங்கள் திருநெல்வேலி டவுனில் கீழ்வீடு ஒன்று பார்த்து மாறினோம். அத்தை வாக்கரோடு திரும்பி வந்தார். குளிப்பாட்ட முடியாது, தூக்க முடியாது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவன் கையைப் பிடித்துக்கொள்வார். உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்பு கடைவார். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மைக்கு, அப்பனுக்கு, ஆச்சிக்கு என்று பங்கு வைப்பார். பிறகு இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெல்ல ஏறும். முழங்கையில் நிற்கும். எல்லா வீட்டிலும் தெரிந்த விளையாட்டுதான். அத்தை முழங்கையில் நிறுத்துவதில்தான் எல்லாம் இருந்தது. அக்குளுக்குப் போகாமல் அங்கேயே நிற்பார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பான். கால் விரல் எல்லாம் மடங்கும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பொறுக்கமாட்டாமல் “ஆச்சி!” என்று கத்தினான். எனக்குத் தெரிந்து அவன் வேண்டுமென்று கேட்டு வாங்கிய முதல் சொல் அது. நண்டு ஓடியது.

பிள்ளைத்தமிழின் பருவங்களை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு விட்டுவிட்டோம். இப்போது திரும்பப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. தால் என்றால் நாக்கு, நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. கைகொட்டுவது சப்பாணி. நடந்து வா என்று அழைப்பது வாரானை. நிலவைக் காட்டி விளையாட வா என்பது அம்புலி. ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளை ஒன்று செய்கிறது, எதிரே ஒருவர் அதைப் பார்த்துக் கூப்பிட்டு மறுமொழி சொல்கிறார். அம்புலியில் பிள்ளையின் கண், தாயின் கண் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கின்றன. இந்தச் சேர்ந்து பார்க்கும் திறன் வந்தபிறகே சொற்கள் மளமளவென்று வரும் என்று பேச்சுப் பயிற்சியாளர் எனக்கு விளக்கினார். நம் இலக்கணமும் அகரத்தைச் சுட்டெழுத்து என்கிறது. அவன் முதன்முதலில் விரல் நீட்டியபோது வந்த சத்தம் வெறும் “அ”. அந்தா, அது, அங்கே எல்லாம் அதற்குள் இருந்தது.

இப்போது அவனுக்கு மூன்றரை வயது. “க” இன்னும் “த”வாகத்தான் வருகிறது, காக்கா தாத்தா ஆகிவிடுகிறார். சனிக்கிழமை தோறும் டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போகிறோம். பஸ்ஸில் ஏறியதும் என் போன் பைக்குள் போய்விடும். போன வாரம் உட்கார இடம் இல்லை, ஒரு ஆச்சி அவனைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே தாமிரபரணியில் நாலைந்து எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன.

“ஆச்சி, அந்தா!” என்றான்.

“ஆமாய்யா, எரும. எரும குளிக்கி.” ஆச்சி ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தார். “எதுக்குடே குளிக்கி?”

கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது, கண்டக்டர் சில்லறை கேட்டார், அவன் கறுப்பாகப் பளபளத்த அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எண்ண தேச்சுருத்து” என்றான்.